நிறுத்தப் பழக்கியவர்

பால்மா டின்னைச் செருப்புக் காலால் கொஞ்சம் தள்ளிவிட்டு, பின்னால் நகர்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார் இத்ரூஸ். திருப்தி இல்லை. மறுபடியும் தள்ளினார். மணல் நிரப்பி, சிவப்பும் வெள்ளையுமாய்ப் பெயின்ட் அடித்த டின்கள் அவை. மாத்தளை ரயில் நிலையத்துக்குப் பின்னால், பாவனையில் இல்லாத சரக்குக் கொட்டகையின் சீமெந்து முற்றத்தில், காலைப் பனி விலகுவதற்குள் அவற்றை எட்டு வடிவத்தில் வைத்துவிடுவார். ஒவ்வொரு நாளும் அதே எட்டுத்தான். ஆனாலும் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு டின் கோணலாகத்தான் தெரியும்.

மோட்டார் சைக்கிள் பழக்குவது அவருடைய தொழில். வண்டி ஓட்டப் பழக்கும், டவுனில் இருந்த ஒரு லேனர்ஸில் காருக்கு ஒருவர், வேனுக்கு ஒருவர், பைக்குக்கு இத்ரூஸ். கார் பழக்குகிறவர் பழகுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டு, உக்குவெல வரைக்கும் போய் பிளேன்டீ குடித்துவிட்டு வருவார். பைக் பழக்குகிறவருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அவர் முற்றத்தின் நடுவில் நிற்க வேண்டும். பழகுகிறவர் அவரைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருப்பார். எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

“கிளட்ச படக்குண்டு உடாதீங்க! டின்ன பாக்காதீங்க, டின்ன பாத்தா டின்னுலதான் போய் முட்டுவீங்க! போகப்போற எடத்த பாருங்க!”

பின்னேரம் வரைக்கும் இதுதான் பேச்சு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெண்கட்டி இருக்கும். எட்டுப் போடும்போது யாராவது கால் ஊன்றிவிட்டால், ஓடிப்போய் அந்த இடத்தில் ஒரு கீறு போடுவார். “இது நீங்க பயந்த எடம்” என்பார். பின்னேரம் எல்லாரும் போன பிறகு, முற்றம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் அந்தக் கீறுகளைச் செருப்பால் தேய்த்துத் தேய்த்து அழிப்பார். மழை வந்தால் தானே அழிந்துபோகும் என்று யாரோ சொன்னார்கள். இத்ரூஸ் கேட்கவில்லை. வீட்டுக்குப் போவதற்கு அவருக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.

மனைவி றஸ்மியா இருந்த காலத்திலும் அவர் வீட்டில் அதிகம் பேசியதில்லை. பேசுவதற்குக் குரல் மிச்சம் இருந்ததில்லை என்பதுதான் உண்மை. யார் யாருக்கோ கத்தித் தீர்ந்த தொண்டையோடு வந்து, பாயில் சாய்ந்து, றேடியோவைப் போட்டுக்கொள்வார். றஸ்மியா முதலில் கோபித்தாள், பிறகு அழுதாள், பிறகு அவளும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். பிள்ளைகளும் இல்லை. ஒரு நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. காதி நீதவான் கேட்டபோது அவள் சொன்னது இவ்வளவுதான்: “அடிச்சதும் இல்ல, ஏசினதும் இல்ல. ஊட்டுல ஒரு ஆள் ஈக்கிற மாதிரியே இல்ல.”

அவள் சொன்னதில் பொய் இல்லை என்று இத்ரூஸுக்கே தெரிந்தது. கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். இப்போது அவள் வேறொருவரின் மனைவி. அதே கொங்காவெலையில், இரண்டு குறுக்குத் தெரு தள்ளி இருக்கிறாள். பள்ளிவாசலுக்குப் போகும்போது இத்ரூஸ் அந்தத் தெருவைத் தவிர்த்துவிட்டுக் சாக்கடைக் கானோரமாகச் சுற்றிப் போவார். யாராவது கேட்டால், “நடந்தா நல்லமுண்டு டொக்டர் சொன்ன” என்பார். எந்த டொக்டர் என்று யாரும் கேட்டதில்லை.

பழகியவர்கள் லைசன் கிடைத்த அன்று டொஃபி வாங்கிக்கொண்டு வருவார்கள். அதற்குப் பிறகு வரமாட்டார்கள். வருவதற்கு என்ன இருக்கிறது? தெருவில் கடந்து போகும்போது ஒரு ஹோர்ன் அடிப்பார்கள். இத்ரூஸ் கையைத் தூக்குவதற்குள் வளைவு தாண்டியிருப்பார்கள். திரும்பி வருகிறவர்கள் ஒரே வகையினர்தான்: விழுந்தோ பயந்தோ வண்டியை விட்டவர்கள். ரிவர்ஸ்டன் பாதையில் பனிக்குள் பள்ளம் தெரியாமல் போன தபால்காரர், குழந்தை பிறந்த பிறகு ஸ்கூட்டரைத் தொடவே நடுங்கிய டீச்சர், வில்கமுவயில் யானைக்குப் பயந்து வண்டியைப் போட்டுவிட்டு ஓடி, பிறகு அந்த வண்டியையே விற்றுவிட்ட விவசாயி. இவர்களுக்கு இத்ரூஸ் முதல் நாள் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண விடமாட்டார். “சும்மா ஏறிக் குந்துங்க. ஒங்களுக்கும் அதுக்கும் மறுகா சமாதானம் ஆகட்டும்” என்பார். புதிதாகப் பழகுகிறவர்களிடம் இல்லாத ஒரு கனிவு திரும்பி வருகிறவர்களிடம் பேசும்போது அவர் குரலில் வந்துவிடும். கத்தாமல் பேசுவது அவர்களோடு மட்டுந்தான்.

நல்லையா வந்தது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. சமாதானப் பேச்சு முறிந்து, தெருவோரமெல்லாம் மறுபடி மணல் மூட்டைகள் முளைத்திருந்த காலம். றத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கிற ஆள், நாற்பத்தைந்து வயதிருக்கும், சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தான். மச்சான் கொடுத்த பழைய ஹொண்டாவைத் தள்ளிக்கொண்டுதான் வந்தான். றத்தோட்டையிலிருந்து அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டு வந்தது பிறகுதான் தெரிந்தது.

“எங்க உழுந்த?” என்று கேட்டார் இத்ரூஸ், வழக்கம் போல.

“விழலீங்க மாஸ்டர்.”

ஏறச் சொன்னார். எட்டுப் போடச் சொன்னார். நல்லையா கால் ஊன்றாமல், டின் எதிலும் படாமல், தண்ணீர் ஓடுகிற மாதிரி போய் வந்தான். பழகிக்கொண்டிருந்த இரண்டு பேர் தங்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இத்ரூஸுக்குக் கோபமே வந்துவிட்டது.

“இப்புடி ஓட்டுற மனிசன் என்னத்துக்கு என்கிட்ட வந்த?”

“ஓட்டத் தெரியுங்க மாஸ்டர்” என்றான் நல்லையா. “நிப்பாட்டத்தான் வரமாட்டேங்குது.”

கொட்டகை நிழலில் உட்கார்ந்து சொன்னான். தோட்டத்து வீட்டுக் கொல்லைகளில் மிளகும் கராம்பும் சேர்த்து, பைக்கில் கட்டித் தம்புள்ளைக்குக் கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தவன் அவன். ஏழு வருடத்துக்கு முன் ஒரு காலையில் ஆமி செக்பொயின்ட்டில் கை காட்டினார்கள். நின்றான். இரண்டாம் கையாக வாங்கிய அந்த வண்டியின் பத்திரம் இன்னும் வடக்கே வவுனியாக்காரர் ஒருவரின் பெயரில் இருந்தது. அவனைக் கொண்டு போனார்கள். வழக்கும் இல்லை, விசாரணை என்று சொல்லத்தக்கதும் இல்லை. சமாதானம் பேசத் தொடங்கிய பிறகு ஒருநாள், போ என்று விட்டார்கள். வண்டி, லைசன் எதுவும் திரும்பி வரவில்லை.

“இப்ப வேலம்மாவுக்கு, எங்க வீட்டுக்காரிக்கு, கை தூக்க முடியல. கொழுந்து பறிக்கப் போறதில்ல. ஒரு மொதலாளி பழையபடி மொளகு ஏத்தச் சொல்லிக் கூப்புடுறாரு. மச்சான் வண்டி குடுத்தாரு. போன மாசம் பலாபத்வெல தாண்டிப் போறேன், ஒரு ஊர்காவல் படைக்காரப் பையன் கைய தூக்குறான். நிக்கணும்னுதான் நெனச்சேன். இல்லாட்டி சுட்டுருவான்னு தெரியுது. ஆனா கை எக்ஸிலேட்டர முறுக்கிருச்சு மாஸ்டர். நான் முறுக்கல. கை முறுக்குது. நல்ல நேரம், நடுவுல ஒரு லொறி வந்துச்சு. இல்லாட்டி நான் இப்ப இல்ல.” பூட்டியிருந்த கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். “அன்னைக்கு நின்னேன், நின்னதுக்குத்தான் கொண்டு போனாங்க. நிக்காட்டி சுடுவாங்க. ரெண்டுல எது மேலுன்னு கைக்குத் தெரியல.”

இத்ரூஸுக்குத் தெரிந்த பயமெல்லாம் பள்ளம், மழை, எதிரே வரும் பஸ், இப்படிப்பட்டவை. அவற்றுக்கெல்லாம் அவரிடம் மருந்து இருந்தது. இதற்கு இல்லை. “நாளைக்கு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஒரு தடியை எடுத்துக்கொண்டு முற்றத்தின் கோடியில் போய் நின்றார். நல்லையா தூரத்திலிருந்து வர வேண்டும். அவர் கை காட்டியதும் நிற்க வேண்டும். அவ்வளவுதான். பழகுகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நல்லையா வந்தான். இத்ரூஸ் கையைத் தூக்கினார். எஞ்சின் அலறியது. விலகுவதற்குள் ஹேண்டில் அவருடைய இடுப்பில் இடித்து, அவர் சீமெந்தில் மல்லாந்து விழுந்தார். வண்டி கொட்டகைச் சுவரில் போய் நின்றது.

லேனர்ஸ் முதலாளி மஹ்ரூப்பின் காதுக்கு விஷயம் போனது. “அந்த மனிசன அனுப்பிடுங்க நானா. ஆமிப் பிரச்சினக்காரன், நமக்கு என்னத்துக்கு?” என்றார். இத்ரூஸ் தலையாட்டினார். ஆனால் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திராது. விழுந்து எழும்பும்போது நல்லையா தன் பக்கத்தில் முழங்காலில் நின்று, “ஐயோ மாஸ்டர், ஐயோ மாஸ்டர்” என்று அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது நினைவில் இருந்தது. ஒரு மனிதக் கை அவர் மேல் பட்டுக் காலம் ஆகியிருந்தது.

விழுந்த அன்றே, ஊன்றிய மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு ராத்தல் பாண் ரொட்டியையும் ஒரு முட்டையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர், சீலைத் துண்டை ஒற்றைக் கையாலும் பல்லாலும் இழுத்துக் கட்டிக்கொண்டார். அடுத்த நாள் நல்லையா அந்தக் கட்டைப் பார்த்தான்.

“இது யாரு மாஸ்டர் கட்டுனது? இப்புடிக் கட்டுனா இன்னும் வீங்கும்.”

பதிலுக்குக் காத்திராமல் அவிழ்த்தான். தோட்டத்தில் கவாத்துக் கத்தி பட்ட கைகளுக்குக் கட்டுப் போட்டுப் பழகியவன் போல, விரல் அடியிலிருந்து சுற்றிக்கொண்டு வந்து நேர்த்தியாக முடிந்தான். இத்ரூஸ் குழந்தையைப் போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு முறையை மாற்றினார். முதலில் வண்டியே இல்லை. நல்லையா நடந்து வருவான். இத்ரூஸ் கை காட்டுவார். நடக்கும்போதே அவனுக்கு வியர்த்தது. பிறகு எஞ்சினை நிறுத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பிறகு முதல் கியரில் வந்தான். “மனசுக்குள்ள நெனச்சா கைக்குக் கேக்காது. வாயால சொல்லுங்க. நிக்கிறேன்டு சத்தமா சொல்லுங்க” என்றார். அவன் “நிக்கிறேன்” என்று கத்திக்கொண்டே வந்தான். சில நாள் நின்றான். சில நாள் அவரைத் தாண்டிப் போய், வெட்கத்தோடு திரும்பி வந்தான்.

ஒரு பின்னேரம், மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். நல்லையா மூன்று முறை தொடர்ந்து நிற்காமல் போனான். கடைசியில் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, “எனக்கு வராது மாஸ்டர், வுட்டுருங்க” என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். இத்ரூஸ் தடியை அவன் கையில் கொடுத்தார்.

“நீங்க போய் அங்க நில்லுங்க. நான் ஓட்டிட்டு வாறன்.”

அவன் புரியாமல் எழுந்து போனான். இத்ரூஸ் சுற்றி வந்தார். நல்லையா கையைத் தூக்கினான், பாதி உயரம்தான். இத்ரூஸ் நிறுத்தினார். அவன் தன் கையையும் நின்ற வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். “இன்னொருக்கா” என்றான். இத்ரூஸ் மறுபடி வந்தார்; இம்முறை கை முழுதாக உயர்ந்தது; வண்டி நின்றது. “இன்னொருக்கா மாஸ்டர்.” அவனுக்குச் சிரிப்பு வந்தது. முகமெல்லாம் நனைந்திருந்தது, அதைத் துடைக்கக் கூட இல்லை. அடுத்த தடவை நிறுத்தியபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, செக்பொயின்ட்டில் கேட்கிற தோரணையில் கேட்டான்:

“எங்க இருந்து வாறீங்க?”

“டவுன்.”

“எங்க போறீங்க?”

“ஊட்டுக்கு.”

“வீட்டுல யாரு யாரு இருக்கா?”

இத்ரூஸ் வாயைத் திறந்தார். செக்பொயின்ட்டில் யார் கேட்டாலும் சட்டென்று சொல்லியிருப்பார். இவன் கேட்டபோது சொல்ல முடியவில்லை.

“ஒத்தரும் இல்ல” என்றார் கடைசியில். “நான் மட்டுந்தான் ஈக்கிற.”

நல்லையா தடியைத் தாழ்த்தினான். “சரி, போங்க” என்று வழியை விட்டு விலகி நின்றான். இத்ரூஸ் போய்ச் சுற்றி வந்து வண்டியை அவனிடம் கொடுத்தார். அன்று அவன் ஒவ்வொரு முறையும் நின்றான்.

பிறகு ஒரு சனிக்கிழமை, எல் போர்டைக் கட்டிக்கொண்டு, இருவரும் ஒரே வண்டியில் தம்புள்ளைப் பாதையில் போனார்கள். நல்லையா முன்னால், இத்ரூஸ் பின்னால். பலாபத்வெல தாண்டியதும் தாரில் குறுக்கே போட்டிருந்த பீப்பாய்கள் தெரிந்தன. பின்னால் மணல் மூட்டை. ஓர் இளம் ஆமிக்காரன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையை உயர்த்தினான்.

நல்லையாவின் முதுகு பலகை போல இறுகியதை இத்ரூஸ் உணர்ந்தார். வலது மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கத் தொடங்கியது. எஞ்சின் சத்தம் ஒரு படி ஏறியது. இத்ரூஸ் கையை நீட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. இன்றைக்கு அவர் பிடித்தால் நாளைக்கு யார் பிடிப்பது?

“வாயால” என்றார் அவன் காதோரம்.

“நிக்கிறேன்!” என்று கத்தினான் நல்லையா.

வண்டி நின்றது. ஆமிக்காரன் திடுக்கிட்டுத் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டான். “மொக்கத கிவ்வே?” என்று அதட்டினான், என்ன சொன்னாய் என்று. இத்ரூஸ் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நல்லையா சாவியைத் திருகி எஞ்சினை அணைத்துவிட்டு, “நவத்துவா மாத்தயா” என்றான், நிறுத்திவிட்டேன் ஐயா என்று. கால் இரண்டும் தரையில் உறுதியாக இருந்தன. அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்த ஆமிக்காரன், எல் போர்டைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தான். இந்த வயதிலா பழகுகிறாய் என்று கேட்டான். “ஆயெத் மாத்தயா” என்றான் நல்லையா. திரும்பவும் பழகுகிறேன். அட்டைகள் திரும்பி வந்தன. கை போகச் சொல்லி அசைந்தது.

நாலந்தாவில் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் நிறுத்தினார்கள். நல்லையா பிளேன்டீயை ஆறவிட்டுப் பேசினான். சிரித்துக்கொண்டே இருந்தான். “வேலம்மாகிட்ட போய்ச் சொல்லணும் நானா. நம்பமாட்டா. நாளைக்கே மொளகு ஏத்தப் போறேன்னு சொல்லணும்.” மாஸ்டர் என்ற சொல் எப்போது அண்ணன் முறையில் நானா ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை. “இனி அந்த டின்னு, எட்டு எல்லாம் வேணாம்ல?”

“வேணாம்” என்றார் இத்ரூஸ். “இனி ஒங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்டும் இல்ல.”

திரும்பும்போதும் அதே ஆமிக்காரன் கை காட்டினான். இம்முறை நல்லையா “நிக்கிறேன்” என்று முணுமுணுத்தது இத்ரூஸுக்கு மட்டுந்தான் கேட்டது. டவுனுக்குள் வந்தபோது அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். கொங்காவெலையில் இத்ரூஸின் வீட்டு ஒழுங்கைச் சந்தின் முனையில் நல்லையா வண்டியை ஓரங்கட்டினான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. றத்தோட்டைக்கு ஏற வேண்டும். மேலே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

“வாரேன் நானா.”

இத்ரூஸ் ஹெல்மெட் பட்டியை அவிழ்த்தார். ஒழுங்கைக்குள் பார்த்தார். யார் வீட்டிலோ பிள்ளைகள் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது. அவர் இறங்கவில்லை. நல்லையா கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

“அந்த நாலந்தா வளைவுல நீங்க கியர் கொறச்ச விதம் சரியில்ல” என்றார் இத்ரூஸ். “றத்தோட்ட ரோட்டுல வளைவு மிச்சம். நானும் வந்து பாக்கிறன். பொறகு பஸ்ஸுல திரும்பி வாறனே.”

நாலந்தா வளைவில் நல்லையா கியர் குறைக்கவே இல்லை. குறைக்க வேண்டிய வளைவும் அது அல்ல. அவன் இருக்கையில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து இடம் விட்டான். இத்ரூஸ் அவிழ்த்த பட்டியை மறுபடி தாடைக்கடியில் இழுத்து மாட்டிக்கொண்டார்.